பாதி செருகிய வயர்

என் கை சும்மா இருக்காது. நன்றாக ஓடுகிற ஃபேனைக்கூட இன்னும் நன்றாக ஓடவைக்கப் பார்த்து நிறுத்திவிடுவேன். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்று அக்கா என்னைப் பார்த்துச் சொல்லாத வாரம் கிடையாது. போன கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தாராவியிலிருந்து சான்பாடாவுக்குப் போகும்போது, அந்தக் கைக்குச் சரியான வேலை வந்து மாட்டியது.

வேலை என்னவோ சின்னதுதான். அக்காவிடம் தீப்பெட்டி அளவில் ஒரு பழைய எம்பி3 பிளேயர் உண்டு. அதை என் காரின் ஸ்டீரியோவில் மாட்டி, சான்பாடாவில் ஒரு வீட்டு வாசலில் ஒரே ஒரு பாட்டைப் போட வேண்டும்.

எங்கள் சபையின் பாடகர் குழு டிசம்பரில் வீடு வீடாகப் போய்ப் பாடும். முன்பெல்லாம் தாராவிச் சந்துகளுக்குள் நடந்தே முடித்துவிடுவோம். இப்போது பாதிப் பேர் செம்பூர், காட்கோபர், சான்பாடா என்று குடிபோய்விட்டதால் வேன் வைத்துப் போகிறோம். அந்தந்த வருஷம் சாவு நடந்த வீட்டுக்கு மட்டும் எங்களிடம் தனி வழக்கம். அங்கே குழு போகாது, மேளமும் கித்தாரும் போகாது. மற்ற வீடுகளுக்கு முன்னால் அங்கே போய், ஒருவர் மட்டும் வாசலில் நின்று ஒரு பாட்டுப் பாட வேண்டும். பாடி முடித்த பிறகுதான் உள்ளே கூப்பிடுவார்கள்.

இந்த முறை அந்த வீடு, எங்கள் குழுவுக்குக் கீபோர்ட் வாசித்த அண்ணனுடைய வீடு. மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார். துக்க வீட்டில் தனியாகப் பாடுகிறவள் எப்போதும் அக்காதான். ஆனால் அவள் பாடுவதையே விட்டிருந்தாள். கழுத்தில் தைராய்டு ஆபரேஷன். இப்படி ஆகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் செய்தார். பேச்சு திரும்பி வந்தது, பாட்டு வரவில்லை. ஆராதனையில் எல்லோரும் பாடும்போது உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பாள். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்காது. பாட்டு ஆரம்பித்ததும் வெளியே போய்விடுவேன்.

அண்ணனின் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். அவர்தான் அக்காவுக்குப் போன் செய்தார். "ஒனக்குப் பாட முடியாதுன்னு தெரியும். அவிய வாசிக்க நீ பாடுன பாட்டு ஒங்கிட்ட இருக்குல்லா? அதப் போட்டாப் போதும்."

பல வருஷத்துக்கு முன்னால் குழு சேர்ந்து பதிவு செய்த பாட்டு அது. சிடி கீறல் விழுந்து போயிற்று. மிச்சம் இருந்தது அந்தப் பிளேயரில் மட்டும்தான்.

"என் பழைய தொண்ட வந்து பாடட்டும்ல. நான் சும்மா பக்கத்துல நிக்கேன்" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

சபையின் ஸ்பீக்கர் வேனோடு காட்கோபருக்குப் போய்விட்டது; நாங்கள் சான்பாடாவை முடித்துவிட்டு அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் குழு பாட ஆரம்பிக்கும். என் கார் ஸ்டீரியோவில் புளூடூத் கிடையாது, வயர் செருகும் ஓட்டைதான் உண்டு. போதும் என்று நினைத்தேன். முந்தின நாள் இயர்போனில் கேட்டுப் பார்த்தபோது பாட்டு சுத்தமாக இருந்தது. காரில் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

சயான் சிக்னலில் வண்டி நின்றதும் வயரைச் செருகினேன். கர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கொஞ்சம் வெளியே இழுத்ததும் பாட்டு வந்துவிட்டது. அண்ணனின் கீபோர்ட் கணீரென்று ஆரம்பித்தது. அக்காவின் குரல் வர வேண்டிய இடமும் வந்தது. குரல் வரவில்லை. தபலாவும் எங்கோ தூரத்தில் கேட்டது. கீபோர்ட் மட்டும் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"ஒன் குரல் எங்க?"

"என்னைக் கேட்டா? நீதான மெக்கானிக்கு" என்றாள்.

அவள் இயர்போனை மாட்டிப் பார்த்துவிட்டு ஒரு பக்கத்தை என் காதில் வைத்தாள். அதில் குரல் இருந்தது. பிளேயரில் இருக்கிறது, காரில் இல்லை. கார் அவள் குரலை மட்டும் பொறுக்கித் தின்றது. சிக்னல் விழுந்தது தெரியாமல் நான் வயரைத் திருகிக்கொண்டிருக்க, பின்னால் இருந்த ஆட்டோக்காரன் என் பரம்பரையையே விசாரித்தான்.

இது ஏன் என்று பிறகு ஒருவர் விளக்கினார். குரலை நடுவில் வைத்து, இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே மாதிரி பதிவு செய்வார்களாம். வயரின் அடிப்பக்கம் ஒட்டாவிட்டால், இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருப்பது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போய்விடுமாம். அன்றைக்கு இதெல்லாம் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம், மதினி வாசலில் காத்திருப்பார், நான் ஊமைப் பாட்டைக் கொண்டுபோகிறேன் என்பதுதான்.

செம்பூரில் வண்டியை ஓரம்கட்டிப் புது வயர் வாங்கினேன். "பக்கா சலேகா", கண்டிப்பாக ஓடும் என்றார் கடைக்காரர். பக்காவாக அதே மாதிரிதான் பாடியது. அப்படியானால் கோளாறு வயரில் இல்லை, கார் ஓட்டையில். டேஷ்போர்டில் ஒரு குத்து விட்டேன். கை வலித்ததுதான் மிச்சம். மான்குர்த் நெரிசலில் வண்டி நின்ற இடத்திலெல்லாம் செருகினேன், உருவினேன், ஊதினேன், சட்டை நுனியால் துடைத்தேன்.

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்றாள் அக்கா. "ரெண்டு கையையும் ஸ்டியரிங்ல வையி."

"ஒனக்குக் கவலையே இல்லியா?"

"இருக்கு. அதுக்கு ஸ்டீரியோவப் போட்டு அடிக்கணுமா?"

வாஷிப் பாலம் ஏறியபோது அவள் கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒரு கையால் வயரைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பாட்டு குரலில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்தச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. முடிந்ததும் அவளே திரும்ப முதலிலிருந்து போட்டாள். அதற்கும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மதினியின் வீடு தரைத் தளத்தில் இருந்தது. அந்தக் கட்டடத்தில் அங்கங்கே ஜன்னலில் ஸ்டார் தொங்கியது. அந்த வீட்டில் இல்லை. காரை வாசலுக்கு நேராக நிறுத்தி, கதவுகளைத் திறந்துவைத்தேன். மதினி கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா இறங்கிக் காரை ஒட்டி நின்றாள். நான் உள்ளே குனிந்து வயரோடு மல்லுக்கட்டினேன். வேறு வழியில்லாமல் பாட்டைப் போட்டேன்.

கீபோர்ட் கிளம்பியதும் மதினி, "அவியதான்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

"குரல் வரல மதினி. ஒரு நிமிசம், இந்தா சரி பண்ணிருதேன்" என்று வயரைப் பிடித்தேன்.

அப்போது என் தலைக்கு மேலே பாட்டுக் கேட்டது. அக்கா பாடினாள். கட்டையான குரல். முதல் வரி பாதியில் உடைந்தது. ஒரு சொல்லின் நடுவிலேயே மூச்சு வாங்கினாள். நிறுத்திவிடுவாள் என்று பயந்தேன். நிறுத்தாமல் அடுத்த வரிக்குப் போனாள்.

வயரை விட்டால் சத்தம் நின்றுவிடும். பிடித்தபடியே குனிந்து உட்கார்ந்திருந்தேன். முதுகு வலித்தது, மூக்கு அரித்தது. வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் ஆடாமல் இருந்ததில்லை. மூன்றாவது சரணத்தில் பாட்டு உச்சிக்கு ஏறும் இடம் ஒன்று உண்டு. அக்காவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த இடம். அது நெருங்கியது. அங்கே அவள் குரல் எட்டாது, மதினி முன்னால் உடைந்துபோவாள் என்று தோன்றியதும், என் கட்டைவிரல் என்னைக் கேட்காமல் வயரை உள்ளே தள்ளிக் கீழ்ப்பக்கமாக அமுக்கிவிட்டது.

ஒட்டிக்கொண்டது. நாலு ஸ்பீக்கரிலும் அக்காவின் பழைய குரல் பொங்கிக்கொண்டு வந்தது. வழி நெடுகத் தேடியது கடைசியில் கிடைத்துவிட்டது. பக்கத்தில் நின்ற அக்கா பாட்டை நிறுத்தினாள்.

மதினி காரைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா குனிந்து என் காதருகே சொன்னாள்: "எடுல."

விரலை எடுத்து, வயரைப் பழையபடி பாதிக்கு இழுத்தேன். குரல் போயிற்று, அண்ணன் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார். அவள் நிதானமாக மூச்சு இழுத்து, விட்ட வரியைப் பிடித்தாள். ஏற வேண்டிய இடத்தில் கீழே இறங்கினாள். அந்தப் பாட்டில் இல்லாத வழி அது. இறங்கியே பாடி முடித்தாள். நான் ஸ்டியரிங்குக்கு அடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். குனிந்திருந்தது வசதியாகப் போயிற்று.

மதினி எங்களை உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார். கிளம்பும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவிய இருந்திருந்தா ஒனக்காகச் சுதிய எறக்கி வாசிச்சிருப்பாவ" என்றார்.

"எறக்கிருப்பாவ மதினி" என்றாள் அக்கா.

காரில் ஏறியதும் என் கை மறுபடியும் ஊறியது. ஒரு பார்க்கிங் சீட்டை மடித்து வயருக்கு மேலே அண்டைகொடுத்தேன். வயர் கீழ்ப்பக்கமாக அமுங்கி உட்கார்ந்தது. பழைய குரல் கண்ணாடி மாதிரி வந்தது.

"பாத்தியா, சரியாயிட்டு" என்றேன்.

அவள் ஒரு சரணம் முழுக்கக் கேட்டாள். "நல்லாத்தான் பாடிருக்கேன்" என்றாள், யாரோ ஒரு பெண்ணைச் சொல்வதுபோல. பிறகு சீட்டை உருவி வெளியே எடுத்து, வயரைப் பாதி இழுத்துவிட்டு, அதை விரலால் பிடித்துக்கொண்டாள்.

"காட்கோபர் போறதுக்குள்ள இந்தத் தொண்டையப் பழக்கணும்" என்றாள். "நீ ரோட்டப் பாத்து ஓட்டுல."