கூடைக்குள் வெயில்

போன வாரம் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் என் பக்கத்தில் நிற்கும் தம்பி நனைந்த துண்டை உதறி, கல்லாவுக்குப் பின்னால் இருந்த கம்பியில் போட்டான். சற்று நேரத்தில் அது மணக்க ஆரம்பித்தது. காய்வதற்கும் மக்குவதற்கும் நடுவில் மாட்டிக்கொண்ட துணியின் மணம். தென்காசிக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு விளக்கினாலும் புரியாது.

"வீட்ல பிள்ளையக் கூப்பிட்டு ஒரு செம்பு தண்ணி கொண்டான்னா, காலு வலிக்குங்கா அண்ணாச்சி. நீங்க மூணு பிள்ளைய வளத்தவரு. எப்படி வேலை வாங்குனிய?" என்று கேட்டான்.

பெரிய மனிதனைப் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டேன். நல்லவேளை, அந்த நேரம் பார்த்து ஒருவர் சட்டைத்துணி கேட்டு வந்தார். என் பிள்ளைகளிடம் நான் வேலை வாங்கிய சரித்திரம் மொத்தமும் ஒரு சாயங்காலத்துக்குள் அடங்கிவிடும். அதிலும் யார் யாரிடம் வேலை வாங்கினார்கள் என்பது எங்கள் வீட்டில் இன்னும் தீராத வழக்கு.

அறுபதுகளின் தொடக்கம் அது. மேலகரத்தில் ஓர் ஓட்டுவீட்டில் வாடகைக்கு இருந்தோம். குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டால் எங்கள் வாசல் வழியாகத்தான் பஸ் பஸ்ஸாக ஜனம் போகும். உலகமே பணம் செலவழித்து நனைவதற்கு வருகிற ஊரில், குடியிருக்கிற நாங்கள் ஒரு கோவணத்தைக் காயவைக்க வழியில்லாமல் அலைவோம். வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி. குனிந்தே நடந்து பழகியதால் வெளியிலும் நான் கொஞ்சம் பணிவான ஆள் என்று பெயர் எடுத்திருந்தேன்.

என் மனைவி கோமதி அதற்கொரு வழி வைத்திருந்தாள். கோழியைக் கவிழ்த்து மூடுகிற பஞ்சாரம் ஒன்று எங்களிடம் உண்டு, கோழி கிடையாது. ஒரு சட்டியில் கரித்துண்டுகளைக் கனலாக்கி, அதன்மேல் அந்த மூங்கில் கூடையைக் கவிழ்த்து, கூடைமேல் துணியை விரிப்பாள். மூத்தவள் செண்பகம் அதற்கு 'கூடைக்குள் வெயில்' என்று பெயர் வைத்திருந்தாள். தீயாமல் துணியைப் புரட்டிப் போடுவது செண்பகத்தின் வேலை. ஐந்து வயதுப் பரமுவுக்கு இன்னும் பெரிய பதவி. இறக்கின துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பான். சூட்டுத்துணி கைக்குக் காய்ந்த மாதிரிதான் இருக்கும். கன்னத்தை ஏமாற்ற முடியாது என்பாள் கோமதி. அவன் "காஞ்சிட்டு" என்று தீர்ப்புச் சொன்னால்தான் மடிப்பாள். பிள்ளைகளை அவள் வேலை ஏவி நான் பார்த்ததே இல்லை. வேலை அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும்.

மூன்றாவது பிரசவத்துக்குக் கோமதி தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிறந்த பிள்ளை எலிக்குஞ்சுபோல இருந்தது, அவளுக்கும் காய்ச்சல். சில நாள் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டார்கள். துணைக்கு என் மாமியார். வீட்டில் நானும் இரண்டு பிள்ளைகளும்.

ஒரு நாள் காலையில், பிறக்கிற பிள்ளைக்கென்று கோமதி கிழித்துத் துவைத்து வைத்திருந்த துணிகளைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். எல்லாம் என் பழைய வேட்டிகள். அந்துருண்டை வாடை தூக்கியடித்தது. வெளியே சுள்ளென்று வெயில். தகப்பன் என்கிற வேகம் ஏறிவிட்டது. மொத்தத்தையும் முக்கி அலசி முற்றத்துக் கொடியில் போட்டேன். சாரல் காலத்து வெயிலை நம்பி பிள்ளைத்துணி முழுவதையும் நனைத்தவன் மேலகரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

செண்பகம் பள்ளிக்கூடம் போயிருந்ததால், மத்தியானம் பரமுவைக் கையில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். மாமியார் வாசலுக்கே வந்துவிட்டார். "நாளைக்குக் காலம்பற வீட்டுக்குப் போலாம்னுட்டாவ. பிள்ளைக்கு ஈரமே ஆகாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காவ. பிள்ளைத்துணியெல்லாம் காஞ்சு இருக்குல்லா? காஞ்ச துணி இல்லாம பச்சப்பிள்ளையத் தூக்கிட்டு இந்த வாசலத் தாண்ட மாட்டேன், ஆமா."

"இருக்கு அத்தை" என்றேன். அந்த நிமிஷம் என் தலையில் முதல் தூறல் விழுந்தது.

நாங்கள் வீடு போய்ச் சேர்ந்தபோது, கொடியில் போட்டதைவிட அதிக ஈரத்தில் துணிகள் தொங்கின.

ஜவுளிக்கடைக்காரன்தானே, நாலு முழம் மல்துணி கிழித்துக் கொண்டுபோக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி உடுத்துகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. ஆஸ்பத்திரித் துணியைக் கழற்றியதும், பல தடவை வெளுத்து, நைந்து, வீட்டு மனிதர் உடுத்திப் பழகின துணிதான் முதலில் அதன் உடம்பில் பட வேண்டும். கஞ்சி போட்ட புதுசு கீறவும் செய்யும். ரதவீதியில் எங்கள் கடை கொள்ளாத துணி அடுக்கியிருக்கிறது. எனக்கு ஒரு முழம் பிரயோஜனம் இல்லை.

பதறிப்போய்க் கரியைப் பற்றவைத்தேன். வீடு பூராவும் புகை. பக்கத்து வீட்டு ஜமீலாக்கா சுவர்மேல் தலையை நீட்டினார். "என்ன தம்பி, பிள்ளை வாறதுக்கு முந்தியே சாம்பிராணி போடுதியளா, இல்ல வீட்டக் கொளுத்துதியளா?"

அதற்குள் செண்பகம் பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள். அந்தப் பதற்றத்தில் வாய்க்கு வந்தபடி உத்தரவு போட்டேன். "ஏலே பரமு, விசிறுலே. ஏட்டி செண்பகம், துணியப் புழி."

செண்பகம் என் கையிலிருந்த விசிறியைப் பிடுங்கினாள். "எப்பா, நீங்க அங்கன தள்ளி உக்காருங்க. புகை அடங்குன பொறவுதான் கூடையக் கவுக்கணும். அம்மா இல்லன்னா ஒங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுல்லா."

தள்ளி உட்கார்ந்தேன். கனல் சிவந்தது. கூடை கவிழ்ந்தது. முதல் துணி புரண்டு இறங்கியது. பரமுவைக் கூப்பிட்டோம். வந்தான். கண்ணை மூடிக் கன்னத்தில் வைத்தான்.

"ஈரம்."

மறுபடி போட்டோம். மறுபடி வைத்தான். "ஈரம்."

எலிக்குஞ்சுக்குச் சளி பிடிப்பதும், டாக்டரம்மா உதட்டைப் பிதுக்குவதும், மாமியார் ஆஸ்பத்திரி வாசலிலேயே குடியேறுவதும் வரிசையாகக் கண்ணுக்குள் ஓடின. போட்டிருந்த பனியனைக் கழற்றினேன். அது ஒன்றாவது காய்ந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். வேர்வையில் அதுவும் நனைந்திருந்தது.

மூன்றாவது தடவை அந்தத் துணி அப்பளம்போல மொறுமொறுத்தது. பரமு வைத்துப் பார்த்தான். "ஈரம்."

செண்பகம் வாங்கித் தன் கன்னத்தில் வைத்தாள். "எப்பா, இவன் பொய் சொல்லுதான். இன்னும் செத்த நேரம் கெடந்தா தீஞ்சிரும்."

பரமு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். நானும் குந்தினேன். "ஏன்லே?"

தொட்டியின் பாசியைச் சுரண்டினான். பிறகு சொன்னான்: "ஆச்சிதான சொன்னா, காஞ்ச துணி இல்லன்னா அதைக் கொண்டுவர மாட்டேன்னு."

'அதை' என்றான். 'பாப்பாவை' என்று சொல்லவில்லை.

"அது வந்தா ஒனக்கென்னலே?"

"அம்மா மடி இனிமே ஒனக்குக் கெடையாதுன்னு ஜமீலாக்கா சொன்னாவ."

விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பார். நான் துணி காயவில்லையே என்று பயந்துகொண்டிருந்தேன். அவன் காய்ந்துவிடுமே என்று பயந்துகொண்டிருந்திருக்கிறான். அந்த இடத்தில் ஒரு நல்ல தகப்பன் ஏதாவது அழகாகச் சொல்லியிருப்பான். எனக்கு வந்தது இதுதான்: "அதை விட்டுட்டு அம்மா மட்டும் எப்படிலே வருவா?"

அதை அவன் அதுவரை யோசித்திருக்கவே இல்லை. கூடையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "துணி காஞ்சா அம்மா நாளைக்கு வந்துருவாளா?"

"வந்துருவா."

எழுந்து வந்து கூடைக்குப் பக்கத்தில் நின்று முகத்தை நீட்டினான். செண்பகம் துணியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். அவன் கன்னமே நனைந்திருந்தது. அதை வைத்து எதைப் பார்ப்பது? தன் பாவாடையால் அழுத்தித் துடைத்துவிட்டாள். அப்புறம் ஒன்றொன்றாகக் கொடுத்தாள். "காஞ்சிட்டு. காஞ்சிட்டு." நடுவில் ஒன்றை எடுத்து இரண்டு கன்னத்திலும் மாற்றி மாற்றி வைத்தான். என்னைப் பார்த்துத் தயங்கி, "இது நெசமாவே ஈரம்ப்பா" என்றான். மறு பேச்சுப் பேசாமல் திரும்பக் கூடைமேல் போட்டேன். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் அத்தனையும் மடித்தாகிவிட்டது.

காலையில் குதிரைவண்டியில் கோமதி வந்து இறங்கினாள். விடியலில் நான் கொண்டுபோய்க் கொடுத்த, கரிவாசத்தோடு இருந்த துணிப்பொதிக்குள் சின்னது தூங்கியது. பரமு கதவுக்குப் பின்னால் நின்றான். அவள் உட்கார்ந்து, பிள்ளையை ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபக்கம் மடியைத் தட்டினாள். வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து பொதியில் கன்னத்தை வைத்தான். அப்படியே இருந்தான்.

"ஈரம்மா."

"ஏலே, திரும்பவுமா?" என்று நான் பாய்ந்தேன்.

கோமதி துணிக்குள் கையை விட்டுப் பார்த்துச் சிரித்தாள். "பிள்ளை சரியாத்தான் சொல்லுதான். வேற துணி எடுத்தாங்க." அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான் பாருங்கள், கடை முதலாளிகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு எவ்வளவோ மாறிவிட்டது. பஞ்சாரம் எந்த வீடு மாற்றத்தில் போனது என்றே தெரியவில்லை. இப்போது டெரிலின், உதறினால் காய்ந்துவிடுகிறது. எத்தனை வருஷம் உடுத்தினாலும் அந்த மாதிரி நையமாட்டேன் என்கிறது. செண்பகத்தை வீரகேரளம்புதூரில் கட்டிக்கொடுத்தோம். சின்னவளுக்குப் பரீட்சை, பாவம் படிக்கட்டும் என்று அவளிடம் யாரும் ஒரு வேலையும் சொல்வதில்லை. பரமு ராணுவத்தில் சேர்ந்து எங்கோ வடக்கே இருக்கிறான்.

போன சாரலுக்கு லீவில் வந்திருந்தான். ஒரு சாயங்காலம் தூறல் விழுந்ததும் சட்டென்று எழுந்து கொடிப்பக்கம் ஓடினான். பழக்கம்தான். கோமதி அவனுக்கு முன்னால் போய்விட்டாள். "நீ இருலே. லீவுக்கு வந்த பிள்ளை, ஒக்காந்து காப்பியக் குடி. நான் பாத்துக்கிடுதேன்."

கை நீட்டியபடி ஒரு நொடி நின்றான். பிறகு திரும்பி வந்து, விருந்தாளி மாதிரி, நாற்காலியில் உட்கார்ந்தான்.