மார்த்தாவின் சுவரில் கேட்ட அறிவித்தல்

பேசாலையில் எமிலிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தால், எடுப்பவர்கள் முதலில் ஒரு கதிரையைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார்கள். ஏணி ஒன்று இரவல் கிடைக்குமா என்று கேட்கத்தான் அவர் எடுத்திருப்பார். ஆனாலும் அந்தக் குரல் காதில் விழுந்ததும் கண் வீட்டு ஆட்களை எண்ணத் தொடங்கிவிடும். மனிதர் மேல் பிழையில்லை. குரல் பார்க்கிற வேலை அப்படி.

ஊரில் யாராவது கண்ணை மூடினால் முதலில் மாதா கோயிலில் துக்க மணி அடிக்கும். அது ஓய்ந்ததும், மேலே ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று ஒழுங்கை ஒழுங்கையாக ஊர்ந்து வரும். உள்ளே மைக்கோடு எமில். "மரண அறிவித்தல்" என்று அவர் தொடங்கினால் அரிசி களைகிற கை அப்படியே நிற்கும். செத்தவர் பெயர், யாருடைய கணவர், யாருடைய தகப்பன், சேமக்காலையில் அடக்கம் எப்போது என்று எல்லாவற்றையும் அந்தக் குரல்தான் சொல்லும். வாலிப வயதில் பிடித்த மைக்கை அவர் இன்றுவரை வேறு யாரிடமும் கொடுத்ததில்லை. பெற்ற தாய் செத்த அன்றும் அழுகையை விழுங்கிக்கொண்டு தானே சொல்லி முடித்தார். கலியாண வீடுகளில் மட்டும் மைக்கை அவருக்குக் கிட்டவும் கொண்டுவர மாட்டார்கள். வயரைக் கொழுவிவிட்டுச் சாப்பிடப் போ என்று அன்பாக அனுப்பிவிடுவார்கள். அது அவருக்கு உள்ளூர வலிக்கும். வெளியே சிரித்துக்கொள்வார்.

மரண அறிவித்தல் சோறு போடாது. சோறு போட்டது வயரிங் வேலை. வெளிநாட்டுப் பிள்ளைகள் கட்டுகிற வீடுகளில் இப்போது ஸ்பீக்கரைச் சுவருக்குள்ளேயே புதைக்கச் சொல்கிறார்கள். மார்த்தாவின் மகன் டொமினிக் நோர்வேயிலிருந்து அப்படி மூன்று அனுப்பியிருந்தான். தாய் தனியாக இருக்கிற வீடு. அவன் அங்கிருந்து ஜெபமாலை சொன்னால் இங்கே சுவர் சொல்லவேண்டுமாம். காசு இருந்தால் சுவருக்கும் பக்தி வரும்.

மார்த்தா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். சுவரை எவ்வளவும் வெட்டலாம், ஆனால் எமிலின் குரல் ஒரு சொல்லுக்கும் அந்த ஸ்பீக்கரில் வரக்கூடாது. எமில் ஒத்துக்கொண்டார். கிறைண்டரால் சுவரை வட்டமாக வெட்டி, வயர் இழுத்து, ஸ்பீக்கரை உள்ளே இறுக்கி, வெள்ளைச் சல்லடை மூடியைப் போட்டபோது அது சுவரோடு சுவராகிவிட்டது. எது ஸ்பீக்கர், எது சுவர் என்று புதிதாக வருபவருக்குத் தெரியாது. மூன்றையும் இயக்குகிற அம்பிளிபயர் மட்டும் கொழும்பிலிருந்து வந்து சேரவில்லை. வயர் நுனிகள் வெறுமனே தொங்கின.

அப்படி இருக்கையில் ஒரு பின்னேரம் மார்த்தா ஆள் விட்டு அழைத்தார். படுக்கையறைச் சுவர் பேசியதாம்.

எமில் சிரித்துக்கொண்டுதான் போனார். இந்திய வானொலி கேட்காத வீடு இந்தியாவுக்குக் கிட்டவுள்ள அந்தக் கடற்கரையில் இல்லை, நீளமான வயர் எதையாவது பிடித்திருக்கும் என்று விளக்கம் சொன்னார். ஆனால் வயர் எதைப் பிடித்தாலும், அம்பிளிபயர் இல்லாமல் ஆள் கேட்கிற அளவுக்கு ஸ்பீக்கர் பேசாது என்பது அவருக்குத் தெரியும். மூடியைக் கழற்றிக் காதை வைத்துப் பார்த்தார். உள்ளே பூச்சு மணல் சொரிகிற சத்தம் மட்டும் கேட்டது.

சுவர் என்ன சொன்னது என்று கேட்டார். மரண அறிவித்தல் என்றார் மார்த்தா. யாருடைய பெயர் என்றதற்கு, சாப்பிட்டீரா என்று திருப்பிக் கேட்டார். பாவம், மனுசி தன் பெயரைத்தான் கேட்டிருக்கும் என்று எமில் நினைத்தார். ஆனால் மார்த்தா தனக்காகப் பயந்தவர் போல நடந்துகொள்ளவில்லை. இத்தனை நாளும் விறாந்தையில் நிற்கவைத்துத் தேத்தண்ணி நீட்டியவர், இன்று உள்ளே நல்ல கதிரையில் இருத்தினார். மீன் பொரித்து வைத்தார். பிறசர் பார்க்கிறதுண்டா, பிள்ளையின் படிப்பு எப்போது முடியும் என்றெல்லாம் விசாரித்தார். அந்த அன்பு எமிலுக்குப் பிடிக்கவேயில்லை. செத்த வீட்டில்தான் மனிதர்கள் அப்படி மெதுவாகப் பேசுவார்கள்.

பகிடியாக்கிவிடலாம் என்று நினைத்து, "என்ர குரல் எப்பிடி இருந்தது, அக்கா?" என்று கேட்டார்.

மார்த்தா மீன் பீங்கானை அவர் பக்கம் தள்ளிவைத்தார். "அடக்கம் எப்ப எண்டு சொன்னது நீரில்லை, தம்பி. அது வேற ஆரோ."

எமில் கையில் எடுத்த மீனைத் திரும்பப் பீங்கானில் வைத்தார். ஊரில் எந்தச் சாவையும் அவர் சொல்லாமல் விட்டதில்லை. அவரால் சொல்ல முடியாத சாவு ஒன்றே ஒன்றுதான் உண்டு.

வீட்டுக்குப் போனவர் மனைவி ஜெயனியிடம் மூச்சுக்கூட விடவில்லை. சாமான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மைக்கைப் பிடித்துத் தன் மரண அறிவித்தலைத் தானே தொலைபேசியில் பதிவுசெய்தார். அவருடைய கணக்கு இதுதான்: தான் எப்போது போனாலும் ஆட்டோவில் தன் குரல்தான் ஊரைச் சுற்றவேண்டும். அப்படியென்றால் மார்த்தா கேட்ட வேற்றுக் குரல் பொய். குரல் பொய்யானால் சாவும் பொய். பயந்தவனுக்கு எந்தக் கணக்கும் சரிவரும். தன் பெயரைச் சொன்னார். ஜெயனியின் அன்புக் கணவர் என்றார். "அன்னாரின் நல்லடக்கம்" என்று தொடங்கியவர், அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். நாளும் நேரமும் அவருக்கு எப்படித் தெரியும்? அதற்கு மேல் பதிவில் ஒன்றுமில்லை.

மறுநாள் அம்பிளிபயர் வந்தது. வயர்களைக் கொழுவி முடித்ததும், கொடுத்த வாக்கை மீறப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மார்த்தாவிடம் சொன்னார். இது நான் கேட்ட அறிவித்தல் இல்லை என்று அவர் வாயால் ஒரு சொல் வந்தால் போதும். நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம், சோறு இறங்கும்.

தொலைபேசியில் இருந்த பதிவைத் தட்டினார். வெறும் வெள்ளைச் சுவர், எமிலின் குரலில், எமில் காலமானார் என்றது. "அன்னாரின் நல்லடக்கம்" என்பதோடு நின்றது.

மார்த்தா சிலுவை போட்டுக்கொண்டார். "ஓம், தம்பி. இதுவரைக்கும் நீர்தான் சொன்னனீர். இதுக்குப் பிறகுதான் மற்றக் குரல் சொன்னது."

எமில் சுவரைப் பிடித்துக்கொண்டார். அது குளிர்ந்திருந்தது. "எப்ப எண்டு சொல்லிப்போடாதேங்கோ, அக்கா."

மார்த்தா கீழே பரப்பிக் கிடந்த வேலை ஆயுதங்களைத் தானே குனிந்து பொறுக்கி அவருடைய பையில் போட்டு, பையைக் கையில் கொடுத்தார்.

"மிச்ச வேலை கிடக்கட்டும், தம்பி. வீட்ட போய் ஜெயனியோட இரும்."