குத்துத் தாளத்தில் ஒரு சோகப் பாட்டு

கடலூரில் நான் ஆர்க்கெஸ்ட்ரா நடத்திய வருடங்களில் பழைய பாட்டுகளை மட்டும்தான் பாடுவேன். அதிலும் கல்யாண வரவேற்பில் சோகப் பாட்டு கிடையாது. யார் கேட்டாலும் மைக்கிலேயே மறுத்துவிடுவேன்.

சிதம்பரத்தில் ஒரு வரவேற்பு. பெண்ணின் தாய்மாமன் மேடையோரம் வந்து ஒரு காதல் தோல்விப் பாட்டைக் கேட்டார். முடியாது என்றேன்.

"நீங்க அதப் பாடுற வரைக்கும் நான் சாப்புடப் போவ மாட்டேன்" என்று ஸ்பீக்கர் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

தாய்மாமன் சாப்பிடாவிட்டால் பழி என் தலையில்தான் விழும். எரிச்சலோடு டிரம்ஸ்காரரைப் பார்த்துக் கையை வேகமாகச் சுழற்றினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. அழ வேண்டிய பாட்டைக் குத்துத் தாளத்தில் பாடி முடித்தேன். மாப்பிள்ளையின் நண்பர்கள் செல்போனில் படம்பிடித்துக்கொண்டே ஆடினார்கள். தாய்மாமன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பந்திக்குப் போனார்.

உடனே அவர் மனைவி விறுவிறுவென்று மேடையேறினார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவரோ என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கட்டிக்கிட்ட நாள்லேருந்து வீட்ல இந்தப் பாட்டத்தான் இழுத்து இழுத்துப் பாடுறாரு. இனிமே உங்கள மாதிரியே பாடச் சொல்றேன். சீக்கிரம் முடிஞ்சிடும்."