பத்து டம்ளர் வாழைத்தண்டுச் சாறு

பொன்மணி வாழைத்தண்டை வில்லை வில்லையாக அரிந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு வெட்டிலும் வரும் நாரை இடது ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே போவது அவள் வழக்கம். பதினாறு வருடமாக ஸ்ரீவில்லிபுத்தூரில் காலை நடைக்கு வருகிறவர்களுக்குத் தள்ளுவண்டியில் சாறு விற்பவள். அன்று நார் விரலில் நிற்காமல் நழுவியது.

"கை மரத்துப்போச்சுக்கா. காலும் துவளுது."

நான் பக்கத்து வீட்டுக்காரி. நோயாளிகளை வீட்டில் பார்த்துக்கொள்ளும் பயிற்சி எடுத்து, இருபது வருடம் அந்த வேலை செய்தவள். மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி மெதுவாக ஓடியது. நடுநடுவே ஒரு துடிப்பு விட்டுப்போனது.

பொன்மணிக்கு ரத்தப் புற்றுநோய். புற்று அணுக்களைக் குறிவைத்துக் கொல்லும் மாத்திரையின் அளவை மதுரை டாக்டர் வாரத்துக்கு வாரம் கூட்டிக்கொண்டிருந்தார். முந்தின நாளும் கூட்டியிருந்தார். அணுக்கள் வேகமாகச் சாகும்போது அவற்றிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் கொட்டும், சிறுநீரகம் திணறும், அதனால் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், மறுநாள் ரத்தப் பரிசோதனை கட்டாயம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். காலையில் ரத்தம் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"நேத்துலருந்து என்ன குடிச்சே?"

"இதுதான். பத்து டம்ளர் இருக்கும். கிட்னிக்குச் சிக்கல் வரும்னாரு. கிட்னிக்கு இதவிட என்ன இருக்கு? தண்ணிக்குத் தண்ணி, மருந்துக்கு மருந்து."

"ஏட்டி, தண்டுச் சாத்துல பொட்டாசியந்தான கெடக்கு!"

"ஊருக்கே குடுக்கேன், எனக்கா ஆவாது?" என்று சிரித்தாள்.

அப்போது அவள் கணவர் லிங்கேஸ்வரன் செல்போனோடு ஓடி வந்தார். ரத்தம் எடுத்த இடத்திலிருந்து அழைப்பு. ஐந்துக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் ஆறு புள்ளி எட்டு; இதயமே நின்றுபோகக்கூடிய அளவு. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்களாம். சிரிப்பு நின்றுவிட்டது.

ராஜபாளையத்துக்கு ஆட்டோவில் போனோம். வழி முழுக்க நாடியிலிருந்து நான் விரலை எடுக்கவில்லை. ஒரு இடத்தில் அடுத்த துடிப்பு வர அதிக நேரமானது.

"பேசிக்கிட்டே வா, பொன்மணி," என்றார் லிங்கேஸ்வரன்.

"என்னத்தப் பேச? பயமா இருக்கு," என்றாள்.

இ.சி.ஜி. தாளைப் பார்த்ததும் டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். நெஞ்சைக் காக்கக் கால்சியம் ஊசி. பிறகு பொட்டாசியத்தை இறக்கக் குளுக்கோஸோடு இன்சுலின்.

"நெஞ்சு நின்னுருமா டாக்டர்?" என்று பொன்மணி கேட்டாள்.

"நிக்கக் கூடாதுன்னுதாம்மா ஊசி போடுதோம்."

மதுரை டாக்டர் போனில் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். சிறுநீர் இறங்கக் கட்டிலில் மாட்டியிருந்த பை நிறைகிறதா என்று மணிக்கொரு தரம் பார்த்தேன். முதல் இரண்டு மணி நேரம் அடியில் கொஞ்சம்தான் நின்றது. கணவர் அந்தப் பையைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சாயங்காலம்தான் பை கனத்தது.

மறுநாள் காலை பொட்டாசியம் ஐந்து புள்ளி இரண்டு. மாத்திரையை மறுபடி எப்போது, எந்த அளவில் தொடங்குவது என்பதை மதுரையில் பார்த்துச் சொல்வார்கள். பொன்மணி அதைக் கேட்கவில்லை. செல்போனை வாங்கி, தினமும் இரண்டு டம்ளர் குடிக்கும் ஓய்வுபெற்ற வாத்தியாரைக் கூப்பிட்டாள்.

"காமராஜ் சார், பொன்மணி பேசுதேன். ஒங்களுக்குக் கிட்னி சரியில்லன்னுதான எங்கிட்டக் குடிக்கிய? இன்னிக்கு வேற எங்கயும் வாங்கிக் குடிச்சிராதிய. மொதல்ல டாக்டர்ட்டக் கேளுங்க."