பதினோராவது சாமான்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, டெக்சாஸிலிருந்து மாப்பிள்ளை வீடியோ காலில் வந்தார். கையில் துப்பாக்கி!

பயப்படாதீர்கள்... மாமனாரைச் சுட அல்ல. அங்கே அது பொழுதுபோக்கு. மைதானத்துக்குப் போய் அட்டையைச் சுட்டுவிட்டு வந்த கையோடு கூப்பிட்டிருந்தார்.

“மாமா, இதோட ட்ரிக்கர் தேஞ்சு போச்சு. இங்க கொள்ளை விலை சொல்லுதான். நம்ம பட்டறையில ஒண்ணு செஞ்சு தருவியளா?”

என்னிடம் இப்படிக் கேட்கலாமா? ஐந்தாம் வகுப்போடு நெல்லையில் ரயிலேறி, தாராவியில் மூன்று லேத் போட்டு, திலக் நகரில் ஃபிளாட் வாங்கியவன் நான் — உங்களுக்குத் தெரியும், மறந்திருந்தால் மறுபடி சொல்கிறேன். ஒரு காலத்தில் நான் செய்த பூட்டில் ‘மேட் இன் ஜப்பான்’ என்று குத்தி விற்றேன். ஜப்பான்காரன் பார்த்திருந்தால் அவனே ஏமாந்திருப்பான்.

“படத்த அனுப்புங்க மாப்ளே. தாராவியில அடங்காத இரும்பு உண்டுமா?”

மறுநாள் படத்தை, லேத் ஓட்டும் டர்னர் பாண்டுவிடம் நீட்டினேன். இருபது வருஷமாக என்னோடு இருக்கிற மராத்திக்காரன். உற்றுப் பார்த்தான். லேத்தை நிறுத்தினான்.

“சேட், யே தோ கோடா ஹை! லைசென்ஸ் ஹை க்யா?”

கோடா என்றால் குதிரை. பம்பாயில் ட்ரிக்கருக்கும் அதுதான் பெயர். நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியின் ஒரு பாகத்தைச் செய்தாலும் உள்ளே போகவேண்டியதுதான். எனக்குத் தெரியாதா? தெரியும். பெருமை வாயைத் திறந்தால் சட்டம் மறந்துபோகிறது... அவ்வளவுதான்.

மாப்பிள்ளையிடம் ‘முடியாது’ என்று எப்படிச் சொல்வது? அந்த வார்த்தையைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. யோசித்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் பட்டறையை மூடுவதற்குள் மகளே போன் செய்துவிட்டாள்.

“எப்பா, இவுக கேட்டாகன்னு நீங்களும் செய்யுதேன்னுட்டியளாமே?”

“அதுக்கென்னட்டி?”

“என்னவா? இது வெளிநாட்டுல இருந்து வந்த துப்பாக்கி. இவுக பிடி, கட்டைன்னு ஆசைக்கு மாத்தி வச்சிருக்காக. அப்படி மாத்துனா, சட்டத்துல ஒரு பட்டியல் இருக்குப்பா. அதுல பத்து சாமானுக்கு மேல ஃபாரின் இருக்கப்பிடாது. இப்பவே எண்ணிப் பத்து இருக்கு. தேஞ்ச ட்ரிக்கர் அமெரிக்காவுல செஞ்சது. நீங்க செஞ்சு அனுப்புனா அது பதினொண்ணு! கிரீன் கார்டு வந்து ஒரு வருஷம்கூட ஆவல. கேஸாச்சுன்னா பிள்ளையோட எங்கள பிளேன் ஏத்தி விட்டுருவான்.”

பின்னாலிருந்து மாப்பிள்ளையின் குரல்: “இந்தியா எப்படிட்டி ஃபாரின்? நம்ம மாமா செஞ்சதுல்லா!”

“கேட்டியளா? விடிஞ்சதுலேருந்து இதத்தான் சொல்லுதாக.”

சிரிப்பு வந்தது. துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம், சுடலாம், பிடியை மாற்றலாம். ட்ரிக்கர் எந்த ஊரில் பிறந்தது என்பதுதான் அங்கே கேள்வி! நாமோ ஃபாரின் என்று சொன்னால் சோப்பைக்கூட முகர்ந்து பார்த்து பீரோவில் வைத்தவர்கள்.

மாப்பிள்ளை அங்கே போய்ப் பன்னிரண்டு வருஷம். பெரிய படிப்பு. இன்னும் அவர் கணக்கில் மாமனார் ஊர் வெளிநாடு இல்லை. நல்ல மனுஷன்தான்... ஆனால் அந்தக் கணக்கைக் கோர்ட் ஒத்துக்கொள்ளாதே?

“போனை அவருட்ட குடு” என்றேன்.

“மாப்ளே, கடையிலயே வாங்கிப் போடுங்க. விலை போனாப் போவுது.”

“செய்ய முடியலையா மாமா?”

“முடியாமலா! நான் செஞ்சா அது நிக்கும், சுத்தி இருக்க மத்ததெல்லாம் தேஞ்சு போவும். அதான் யோசிக்கேன்.”

பாண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தான். அவனுக்குத் தமிழ் புரியும் என்பது எனக்கு அடிக்கடி மறந்துவிடுகிறது.

எத்தனை பூட்டுக்கு ‘ஃபாரின்’ முத்திரை குத்தியிருப்பேன்! முத்திரையே குத்தாமல் என் சரக்கு ஃபாரின் ஆனது இதுதான் முதல் தடவை... அதையும் நான் செய்யவில்லை.