லெச்சுமி பேசாத பேச்சு

செத்துப்போன ஒருத்தியின் வாயில் என் சொற்களைத் திணித்தேன். அவள் குரலைத் திருடி, அவளுடைய தங்கையிடமே கொண்டுபோய் நீட்டினேன். அந்தத் தங்கை என் கையைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை!

சீ... எழுதும்போதே குமட்டுகிறது.

நான் கோத்தகிரி கடைவீதியில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகன். கோவையில் பொறியியல் படித்தேன். வேலைக்கு அழைப்பு வரும்வரை சும்மா இருக்கத் தெரியாத பிறவி. பழைய டேப்ரெக்கார்டர் ஒன்றைத் தேடிப்பிடித்து, பெல்ட் மாற்றி, கணினியோடு இணைத்தேன். கல்யாணப் பாட்டு, பஜனை, நாடகக் கேசட் என்று ஊரே கொண்டுவந்து கொடுத்தது. எல்லாவற்றையும் வீட்டிலேயே சிடியாக்கினேன். இந்தக் காலத்தில் சிடியா என்று சிரிக்காதீர்கள். எஸ்டேட் லயங்களில், தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், டி.வி.க்கு அடியில் இன்றும் ஒரு பிளேயர் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் பேச வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்கு.

செய்ததைப் படம்பிடித்து இணையத்தில் போடுவேன். பார்க்கிறவர்களுக்குப் பாடமும் எடுப்பேன். நம் மலையின் ஈரத்தில் கேசட் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்துவிடும். சுத்தம் செய்யாமல் ஓட்டவே கூடாது... இதை ஊருக்கெல்லாம் சொன்ன வாய் என் வாய்தான்.

பார்வதியம்மா ஒரு மழைக்காலத்தில் வந்தார். கேரட் கழுவும் இடத்தில் கூலிவேலை. சிலோன் தோட்டத்திலிருந்து இளம் வயதில் கப்பலேறி வந்தவர். பிளாஸ்டிக் பையைப் பிரித்து, அதற்குள் இன்னொரு பையைப் பிரித்து, ஒரு கேசட்டை எடுத்தார்.

“எங்கக்கா லெச்சுமி அங்கேர்ந்து பேசி அனுப்பினது தம்பி. அவ போய்ச் சேர்ந்துட்டா. இத நான் முழுசாக் கேக்கவே இல்ல.”

“ஏனுங்கம்மா, பெட்டி இல்லைங்களா?”

“பெட்டி இருந்துச்சு. தைரியம் இல்ல.”

அவர் சொன்ன கதை இதுதான். சிலோன் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில் குடும்பம் இரண்டாகப் பிரிந்தபோது, பார்வதிக்கு இந்தியா. லெச்சுமிக்கு அங்கேயே இருப்பு. நோயில் கிடந்த தாயை அக்காவிடம் விட்டுவிட்டுத் தங்கை கப்பலேறினாள். தாய் அங்கேயே இறந்தாள். பிறகு வந்தது கேசட். இங்கே லயத்தில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கையில், ‘உங்கிட்ட ஒண்ணு கேக்கணும் பார்வதி’ என்றிருக்கிறது அக்காவின் குரல். இவர் பயந்து பெட்டியை அணைத்துவிட்டார். பேட்டரி போய்விட்டது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அதன்பின் தொடவே இல்லை.

“இப்பக் கேக்கணும் தம்பி. வசவா இருந்தாலும் சரி. எங்கக்கா வாயால வரட்டும்.”

கவனித்தீர்களா? வசவாக இருந்தாலும் சரி என்றார். அக்காவின் வாயால் வர வேண்டும் என்றார். வேறெதையும் அவர் கேட்கவில்லை.

மறுநாள் தினேஷ் வந்தான். என் நண்பன், படம்பிடிப்பவன். கதையைச் சொன்னதும் துள்ளினான். “டேய், இதுக்கு ஊரே அழும்டா! போடு, போடு!” நாடாவின் ஓரத்தில் பூஞ்சையைப் பார்த்தேன். சுத்தம் செய்ய ஒரு பகல் போகும். அவன் மாலையில் மேட்டுப்பாளையம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

போட்டேன்.

லெச்சுமி பேசினாள். மழை, தேயிலைக் கொழுந்துக்கான கூலி, பிள்ளைகளின் படிப்பு... பின்னால் ஒரு கோழி கத்தியது. எல்லாம் கணினியில் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் அந்த வரி வந்தது. ‘உங்கிட்ட ஒண்ணு கேக்கணும் பார்வதி...’

“நிறுத்து, நிறுத்து! ஃபோகஸ் போயிருச்சு. உன் மூஞ்சியும் சரியில்ல. மறுபடி போடு, கண்ணு கலங்கற மாதிரி பாரு” என்றான் தினேஷ்.

நிறுத்தினேன்! ஒரு நிமிடம் ஓடவிட்டிருந்தால் அவள் கேட்க வந்ததைக் கேட்டு முடித்திருப்பாள். என் மூஞ்சிக்காக நிறுத்தினேன். பின்னால் சுற்றி மறுபடி ஓட்டினேன். கேமராவைப் பார்த்துக் கண்ணைக் கலக்கிக்கொண்டிருந்ததில், உள்ளே நாடா உருளையில் ஒட்டிச் சுருண்டுகொண்டிருந்தது தெரியவில்லை. குரல் இழுபட்டு நின்றது. பதறிப்போய் இழுத்தேன். நாடா கசங்கி வந்தது. அதன் பழுப்புப் பூச்சு முழுவதும் உரிந்து, வெறும் கண்ணாடித்தாள் மாதிரி... என் விரல்களில் பழுப்புத் தூள். அதுதான் லெச்சுமியின் கேள்வி. கால்சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

“எடுக்க முடியாதாடா?” என்றான் தினேஷ்.

“என்னத்த எடுக்கறது? ஒண்ணுமில்ல அதுல.”

அன்றே பார்வதியம்மாவின் வீட்டுக்குப் போயிருக்கலாம். திட்டியிருப்பார். அழுதிருப்பார். அதோடு போயிருக்கும். ஏன் போகவில்லை? கெட்டிக்காரன் என்ற பெயர் போய்விடுமே! அந்தப் பெயரைத் தவிர என்னிடம் வேறென்ன இருக்கிறது?

குரலைக் கற்றுக்கொள்ளும் மென்பொருள்கள் வந்துவிட்டன. ஒருவர் பேசியதைக் கொடுத்தால், அவர் பேசாததையும் பேசிக் காட்டும். லெச்சுமியைக் கொடுத்தேன். முதலில் செய்தி வாசிப்பவள் மாதிரி பேசினாள். விடவில்லை நான். ‘மன்னிப்பு’ என்று எழுதியதை அடித்தேன், அவள் அப்படிப் பேசமாட்டாள் என்று. நாடா இரைச்சலைச் சேர்த்தேன். அதே கேசட்டிலிருந்து கோழியை வெட்டி எடுத்து இரண்டாவது வாக்கியத்துக்குப் பின்னால் கத்தவைத்தேன்.

மறைக்காமல் சொல்கிறேன்... அந்த வேலையை நான் ரசித்தேன்! கோழி சரியான இடத்தில் விழுந்தபோது கைதட்டினேன். தினேஷ் கேட்டுவிட்டு, “பயமா இருக்குடா... ஆனா செம!” என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது.

நான் எழுதிய பேச்சு இது. ‘உங்கிட்ட ஒண்ணு கேக்கணும் பார்வதி... நீ இன்னும் அத நெனச்சு அழுவுறியா? எனக்கு மனசுல ஒண்ணும் இல்லடி. அம்மா கடைசியா ஒம் பேரத்தான் சொல்லிச்சு.’

கடைசி வரி எதற்கு? தாயின் சாவையும் ஏன் தொட்டேன்? யாரும் கேட்கவில்லையே! கேட்க நன்றாக இருந்தது, சேர்த்தேன். அவ்வளவுதான்.

அதைச் சிடியாக்கினேன். என் அறையிலேயே பார்வதியம்மா முதலில் கேட்டார். முடிந்ததும் ஸ்பீக்கரை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“எம் பேரையாம்... கேட்டீங்களா தம்பி? எம் பேரச் சொல்லிச்சாம்!”

அப்போதுதான் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மறுவாரம் ஒரு பை கேரட் வந்தது. அம்மா பொரியல் செய்தாள். தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருப்பேனோ, என்னவோ. பார்வதியம்மாவின் பேரன் அந்தச் சிடியைப் போனில் ஏற்றி, சிலோனில் இருக்கும் லெச்சுமியின் மகளுக்கு அனுப்பிவிட்டான். அவள் திரும்பக் கூப்பிட்டிருக்கிறாள். பார்வதியம்மா நேராக என்னிடம் வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும், என் திருட்டு அவருக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன். கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று தோன்றியது. வெட்கக்கேடு... கூடவே ஒரு நிம்மதியும் வந்தது.

“தம்பி, அம்மா பேச்சே வராமத்தான் கெடந்துச்சாம். மாசக்கணக்கா. வாய் இழுத்துக்கிச்சாம். எம் பேர எங்க சொல்றது?”

நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவரே சொன்னார். “எங்கக்கா எனக்காவப் பொய் சொல்லியிருக்கா! விளங்குதா? சாமி முன்னால நிறுத்தினாலும் பொய் பேசமாட்டா அவ. எம்மேல எவ்ளோ பாசம் இருந்தா...” முடிக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பொய்யே பேசாதவளைப் பொய்க்காரி ஆக்கினேன். தங்கை அதற்காக அவளைக் கும்பிடுகிறாள்!

அக்காவுக்கு இத்தனை வருடம் பதில் போடாமலிருந்தது தப்பு, இப்போதாவது போட வேண்டும் என்றார். அக்கா இல்லாவிட்டால் அவள் மகள் கேட்கட்டும், அக்கா அனுப்பின மாதிரியே தபாலில் போகட்டும். மைக்கை வைத்தேன். எழுதி வைத்துக்கொள்ளவில்லை, தயங்கவும் இல்லை, பேசினார்.

“அக்கா, நீ பொய் சொன்னது தெரிஞ்சுபோச்சு. நான் நெசத்தச் சொல்றேன். அம்மா பேரு இந்தியாவுக்கு வர்ற எங்க காகிதத்துலதான் இருந்துச்சு. நோயாளியக் கப்பல்ல ஏத்தமாட்டாங்கன்னு எவனோ சொன்னான். நான் ஆபீசுல போய் விசாரிக்கவே இல்ல. நம்பிக்கிட்டேன். நம்புறது லேசா இருந்துச்சுக்கா... அம்மா கூட வந்தா கஷ்டம்னுதான் விட்டுட்டு வந்தேன்.”

வேறு எவரிடமும் அவர் சொல்லாதது அது. என் பொய்யை நம்பி, என் எதிரில், தன் உண்மையைக் கொட்டினார்.

பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். அறையில் சத்தமே இல்லை. பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடைவெளியில் நான் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும்... எச்சிலை விழுங்கினேன்.

“நல்லா விழுந்துச்சா தம்பி?”

“விழுந்துச்சுங்கம்மா.”

உங்களிடம் சொல்வது எனக்குச் சுலபம். நீங்கள் பார்வதியம்மா இல்லையே!

அவர் போன பிறகு பதிவைத் திரும்ப ஓட்டினேன். கடைசியில் நான் பேசாமல் உட்கார்ந்திருந்த அந்த இடைவெளியும் அதில் இருந்தது. நான் விழுங்கிய சத்தம்கூடக் கேட்டது. வெட்டி எறிந்தேன். சிடி சுத்தமாக வந்தது. உறையில் போட்டு ஒட்டினேன். பார்வதியம்மாவுக்கு எழுதத் தெரியாது என்பதால் சிலோன் விலாசத்தையும் நானே எழுதினேன். முத்து முத்தாக, அழகான கையெழுத்தில்...