ஜெயிலில் இருந்த தாய்மாமன்

ஆண்டவருக்குள் அன்பான சகோதரிகளே, சபையில் எழுந்து பேசி எனக்குப் பழக்கமில்லை. இருந்தாலும் இதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ரப்பர் விலை விழுந்த வருஷம் அது. கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என் தம்பி தாவீது, பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். கள்ளுக்கடைக்குப் போய் வெறியோடு திரும்பினான். இந்த நிலையில் வீட்டுக்குள் வராதே என்று என் வீட்டுக்காரர் சொன்ன ஒரு சொல்லுக்காக, இரும்புக் கம்பியால் அவரை அடித்துவிட்டான். அவருடைய வலது கை விளங்காமல் போனது. ரயில்வே பட்டறை வேலையும் போனது. தாவீது கோலாலம்பூர் ஜெயிலுக்குப் போனான்.

அதன்பிறகு நான் இடியாப்பம் பிழிந்து விற்றுத்தான் குடும்பம் நடந்தது. ஜெபிக்க முழங்கால் போட்டால் அப்படியே தூங்கிவிடுவேன். தம்பியை ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். எனக்கு எதுவும் ஆடவில்லை. அவ்வளவு களைப்பு.

இப்படி இருக்கும்போது மகள் கிரேஸுக்குச் சம்பந்தம் கூடிவந்தது. தாய்மாமன் சேலைத் தட்டை ஏந்தி வந்தால்தான் எங்களில் பெண் கோயிலுக்குப் புறப்படுவாள். எனக்கோ ஒரே தம்பி. பெரியம்மா மகனைச் செய்யச் சொல்லலாம் என்றார்கள் உறவுக்காரர்கள். "ஆண்டவரே, ஜெயிலுக்குப் போகவா, வேண்டாமா? நீரே சொல்லும். எனக்கு யோசிக்கக்கூடத் தெம்பில்லை" என்று அழுதேன்.

அந்த வாரத்திலேயே ஒருநாள் என் வீட்டுக்காரருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தேன். அதுவரை தாவீதின் பேரைக்கூட எடுக்காத மனுஷன் சொன்னார்:

"மச்சான் இருக்கிறப்ப வேற ஆளு எதுக்கு? போய் முறையா அழைப்பு சொல்லிட்டு வா."

"உங்க கைய இப்படிப் பண்ணினவனையா?"

"கை என்னோடது. முறை பிள்ளையோடது."

இதற்குமேல் எனக்கு என்ன பதில் வேண்டும்? புத்தி இல்லாமல் வெற்றிலை பாக்குத் தட்டோடு ஜெயில் வாசலில் போய் நின்றேன். கல்யாணத்துக்கு அழைக்கும்போது வெறுங்கையோடு போவதுண்டா? காவலாளி சிரித்து, தட்டை வெளியிலேயே வைக்கச் சொன்னான்.

கம்பிக்கு அந்தப் பக்கம் மொட்டைத் தலையோடு தம்பி நின்றான். கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

"கிரேஸுக்குக் கல்யாணம். நீதான் தாய்மாமன். அழைக்க வந்திருக்கேன்" என்றேன்.

"அத்தான் கை எப்படி இருக்குக்கா?"

"பொத்தான்கூட நான்தான் போட்டுவிடுறேன்."

அவன் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான். பிறகு சொன்னான்: "என்னை வெளிய விடமாட்டாங்க. விட்டாலும் அந்தச் சேலைத் தட்டைத் தொட எனக்கு யோக்கியத இல்லக்கா. மனசிருந்தா எனக்குப் பதிலா அதை அத்தானையே தூக்கிட்டு வரச் சொல்லு."

கல்யாணத்தன்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். பெற்ற தகப்பன் மாமன் சீர் எடுப்பதா? என் வீட்டுக்காரர் யாரையும் பார்க்கவில்லை. தட்டை நெஞ்சோடு சேர்த்து இடது கையால் அணைத்துக்கொண்டு மகளிடம் வந்தார்.

"உன் மாமன் சீர் வந்திருக்கும்மா. வாங்கிக்க" என்றார்.

அத்தனை பேர் முன்னால் நான் வாய்விட்டு அழுதேன். அடைத்துக் கிடந்ததெல்லாம் கரைந்தது.

அவர் கை சரியாகவில்லை. இன்றைக்கும் இடியாப்பம் விற்றுவிட்டுத்தான் வந்திருக்கிறேன். ஆனால் ஜெயிலுக்குத் தவறாமல் போகிறேன். போன முறை அவரும் கூட வந்தார். உங்கள் வீட்டிலும் பேர் சொல்லக் கூசுகிற ஒருவர் இருந்தால் ஆண்டவரிடம் கேளுங்கள். மன்னிக்க மனசில்லாவிட்டாலும் கேளுங்கள். எனக்கும் மனசில்லை, ஆண்டவர்தான் என்னை அந்த ஜெயில் வாசல்வரை நடக்க வைத்தார்.